கீழ் லயத்துக்கு ஒரு மழைமானி

1

நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் எனக்கு எழுத வரும்.

முன்பு என்னோடு படிப்பித்து இப்போது தலவாக்கலையில் இருக்கும் ஒரு சிநேகிதி போன மாதம் கடிதம் போட்டிருந்தார். அவருடைய தோட்டப் பள்ளிக்கூடத்தில் மழை அளக்கும் கருவி வைக்கப்போகிறார்களாம். "நீங்கள் வீட்டிலேயே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். என்ன வாங்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும், குறைந்த செலவில் முடியுமா, எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் இங்கே தோட்ட ஆபீசிலிருந்து எனக்கு மெமோ வந்தது. நாங்கள் இலங்கையை விட்டுக் கப்பலில் வந்து இறங்கிப் பத்து வருடம் முடிந்ததும் அதே கிழமையில்தான். மூன்றும் சேர்ந்துகொண்டதால், ஒருவருக்கு எழுத வேண்டிய பதில் அங்கே உள்ள எல்லாருக்குமாக நீண்டுவிட்டது.

நாங்கள் இருப்பது நீலகிரியின் கிழக்குச் சரிவில் ஒரு தேயிலைத் தோட்டம். உச்சியில் பாக்டரியும் ஆபீசும். அதற்குக் கீழே தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயமும், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவும். இன்னும் கீழே, மலையைக் குடைந்த மாதிரி ஒரு பள்ளத்தில், ஓடையை ஒட்டிக் கீழ் லயம். அங்கே குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் நம்மவர்கள். ஹட்டன், பொகவந்தலாவை, வலப்பனைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். வசதியான மேட்டு லயங்கள் எங்களுக்கு முன்பே நிரம்பியிருந்தன. பிந்தி வந்தவர்களுக்குப் பள்ளம் கிடைத்தது.

2

கடதாசியில் இங்கே எங்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. றொசல்ல ஸ்டேசனில் கோச்சி நிற்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் பிறந்தவள் நான். என் தாயும் அங்கேதான் பிறந்தார். திரும்பி வருவதற்கு நான் எப்போது இங்கிருந்து போனேன்?

மண்டபம் முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"சொந்த ஊர் எதும்மா?"

"றொசல்லங்க."

"அது சிலோன். சொந்த ஊரைக் கேக்குறேன்."

"அதுதாங்க சொந்த ஊரு."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார். சவரிமுத்து சண்டை சச்சரவுக்குப் போகாத மனிதர். தன் தாத்தா எப்போதோ சொன்ன துறையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர்தான் இன்றைக்கும் எங்கள் கடதாசிகளில் எல்லாம் இருக்கிறது. எங்களில் ஒருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை.

என்னுடைய ஆசிரியர் சான்றிதழின் கதையும் அதுதான். இங்கே அது செல்லுமா என்று கேட்டு எழுதிய விண்ணப்பம் ஒவ்வொரு ஊராகப் போய், கடைசியில் 'இணையானது அல்ல' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. அதனால் பிள்ளைக் காம்பராவில் வேலை. தொட்டில் ஆட்டுவது, பால் கரைப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது. நம்மவர்கள் மட்டும் இன்னும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கடையில் பாண் கேட்டால் இப்போதும் சிரிக்கிறார்கள். நான் விடுவதாயில்லை. பத்து வருடமாகப் பாண் என்றே கேட்கிறேன். கடைக்காரரும் இப்போது, "டீச்சருக்கு ஒரு பாண் எடுடா" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். ஆனால் என் பிள்ளைகள் பிரெட் என்கிறார்கள். மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். 'நம்ம ஊரில் வெயில் அதிகம்' என்று எழுதுகிறான். அவன் நம்ம ஊர் என்பது திருப்பூரை. இளையவள் ரீட்டாவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் எந்த ஊர் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு துறையூர் என்று சொல்லிவிடுகிறாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குக் காரணம் இருக்கிறது.

3

கப்பலேறுவதற்கு முந்தின வருடம், ஆனி மாதம். றொசல்லப் பக்கத்து மழை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு மழைமானிதான் இருந்தது. அது துரை பங்களாவின் புல்தரையில் இருந்தது. பங்களா மலை முதுகுக்கு அந்தப் பக்கம். மழை வந்து அடிப்பதோ இந்தப் பக்கம், கீழ்ப்பிரிவு லயங்களின் மேல்.

அன்று காலையில் வழக்கம்போல் பெரட்டுத் தப்பு அடித்தது. விடியலில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் அந்தப் பறையின் சத்தத்தைச் சிறு வயதிலிருந்தே நான் வெறுத்தவள். அது கேட்டதும் பெரியவர்கள் எல்லாரும் பாதி குடித்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஓடுவார்கள். ஏன் என்று கேட்கமாட்டார்கள். அன்றும் ஓடினார்கள். மழை பலமாக இருக்கிறதே என்று பெரட்டுக் களத்தில் ஒருவர் கேட்டதற்கு, "பங்களா கணக்குல மழை அப்பிடி ஒண்ணும் இல்ல" என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம். பொய் சொல்லவில்லை. பங்களாவில் மழை அப்படி ஒன்றும் இல்லைதான்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகும் நாட்களில் ரீட்டாவைக் கீழ்ப்பிரிவில் என் நாத்தனார் செபமாலையிடம் விட்டுப்போவது வழக்கம். பள்ளிக்கூட மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மலை கீழ்ப்பிரிவின் மேல் சரிந்து இறங்கியது. லாறியில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். பெரட்டுக்குப் போனவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தவர்களும் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தவர்களும் அகப்பட்டார்கள். ரீட்டாவை உயிரோடு எடுத்தார்கள். அடுப்புச் சுவருக்கும் மரப்பெட்டிக்கும் நடுவில் செபமாலை அவளைத் தள்ளிவிட்டிருந்தாள். செபமாலையை மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

ரீட்டாவுக்கு அப்போது நான்கு வயது. ஒன்றும் ஞாபகமில்லை என்கிறாள். ஆனால் இன்றும் அறைக்கதவைத் தாழ் போட விடமாட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு விஷயங்கள் எனக்குள் உறைந்துபோய்விட்டன. ஒன்று, மழையை ஆட்கள் படுக்கிற இடத்தில் அளக்கவேண்டும், துரைமார் படுக்கிற இடத்தில் அல்ல. மற்றது, நான் வெறுத்த அந்தச் சத்தம்தான் அன்று ஆட்களை வீட்டைவிட்டு வெளியே எடுத்தது.

4

இனி சிநேகிதி கேட்ட விஷயம். கடையில் விற்கும் செம்பு மழைமானி நல்லதுதான். ஆனால் அது இல்லாமலும் முடியும்.

மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பால்மா டின் ஒன்று எடுங்கள். வாய் குறுகியதோ அடி பெருத்ததோ வேண்டாம். டின் வாயின் அளவுக்கே வாயுள்ள புனல் ஒன்றைத் தகர வேலைக்காரரிடம் செய்து, அதன் மேல் உட்காரவையுங்கள். புனல் எதற்கு என்றால், விழுந்த மழை வெயிலில் ஆவியாகிப் போகாமலிருக்கவும், தெறித்து வெளியே போகாமலிருக்கவும். டின்னுக்குள் தண்ணீர் எத்தனை அங்குலம் நிற்கிறதோ அத்தனை அங்குலம் மழை. பள்ளிக்கூட அடிமட்டமே போதும். சிறு தூறல்களை அளக்க வேண்டுமானால், டின்னில் சரியாக ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி, அதை ஒல்லியான ஒரு போத்தலுக்கு மாற்றி, அது எட்டும் இடத்தில் கோடு போடுங்கள். பக்கம் நேராக உள்ள போத்தலாக இருக்கவேண்டும். அந்த உயரத்தைப் பத்தாகப் பிரித்தால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு தெளிவாகத் தெரியும்.

வைக்கும் இடம்தான் முக்கியம். விலை கூடிய கருவியைக் கூரை ஓரத்தில் வைப்பதைவிட, ஓட்டை இல்லாத டின்னை வெட்டவெளியில் வைப்பது மேல். பக்கத்தில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். காற்றில் சாயாமல் இரண்டு முளை அடித்துக் கட்டுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். பார்த்ததும் கவிழ்த்துவிட்டு மறுபடி வையுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் அயல் வீட்டுக்காரர்களைச் சமாளிக்கவேண்டும். கீழ் லயத்தில் பாக்கியம் என்று ஒருத்தி இருக்கிறாள். பொகவந்தலாவைக்காரி, மூன்று பிள்ளைகளின் தாய். அவள் வாய்க்கு எதிரே நிற்க ஆள் கிடையாது. டின்னை அவள் வீட்டுக்கு மேலே உள்ள திட்டில்தான் வைத்தேன். முதல் பெருமழையன்று காலையில் போய்ப் பார்த்தால் டின் இல்லை.

"பாக்கியம், டின்னு எங்கம்மா?"

"உள்ள பத்திரமா இருக்கு டீச்சர். ராவெல்லாம் மழையில நனைஞ்சிக்கிட்டே கிடந்திச்சி. துருப்புடிச்சிப் போகுமேன்னு எடுத்து வச்சிட்டேன்."

"நனையத்தான் பாக்கியம் வச்சேன்."

"நல்ல டின்னை நனைய வச்சிட்டு, அதை வந்து பாக்க வேற வர்றீங்க. நீங்க படிச்சவங்க, சரியாத்தான் இருக்கும்."

பிறகு ஒரு கிழமை அதற்குள் சேலைக் கஞ்சி இருந்தது. மழை வெள்ளையாகப் பெய்திருக்கிறது என்று ரீட்டா கேலி செய்தாள்.

வெப்பமானி வாங்கும்போது ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்து வாங்காதீர்கள். கடையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மேசையில் அடுக்கச் சொல்லுங்கள். சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே அளவைக் காட்டும், ஒன்றிரண்டு தனியாக நிற்கும். கூட்டத்தோடு சேர்ந்ததை வாங்குங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். வாங்கியதைச் சுவரில் தொங்கவிட்டால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். நான் ஒரு பழைய தேயிலைப் பெட்டியின் பக்கப் பலகைகளை எடுத்துவிட்டு, சாய்வாகச் சட்டங்கள் அடித்து, வெள்ளைச் சாயம் பூசி, நெஞ்சு உயரக் கால்களின் மேல் நிறுத்தினேன். காற்று போகும், வெயில் போகாது. அதற்குள் ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணியின் நுனியை ஒரு மைக்கூட்டில் உள்ள மழைத்தண்ணீரில் விட்டிருக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் கூடினால் காற்று காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தை மாதத்தில் மாலை வானம் தெளிந்து, அந்த வித்தியாசமும் கூடினால், விடியலில் உறைபனிக்குத் தயாராகலாம். நுவரெலியாப் பக்கத்தில் கிழங்கு போடுகிறவர்களுக்கு இது பயன்படும்.

காற்றழுத்தமானி பற்றியும் சிநேகிதி கேட்டிருந்தார். நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டுச் சாமான்கள் குன்னூரில் ஏலம் போனபோது, கண்ணாடி வெடித்த ஒன்று எனக்குக் கிடைத்தது. முகத்தில் 'நல்ல வானம்', 'மழை', 'புயல்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதையெல்லாம் நம்பாதீர்கள். அது கடலோரத்துக்குச் செய்த எழுத்து. மலையில் காற்றழுத்தம் எப்போதுமே குறைவு. நான் கொண்டுவந்து மாட்டிய நாளிலிருந்து முள் புயலுக்கும் அப்பால் போய் முட்டிக்கொண்டு நின்றது. ரீட்டா பார்த்துவிட்டு, "அம்மா மாதிரியே இருக்கு. எப்பப் பாத்தாலும் புயல்தான்" என்றாள். பின்பக்கத் திருகைத் திருப்பி முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இவ்வளவு உயரத்தை எல்லாக் கருவியும் தாங்காது, வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட, நேற்றைக்கு இன்று இறங்குகிறதா ஏறுகிறதா என்று பாருங்கள்.

காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மழைமானியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஆளைக் கொல்வது மழைதான். ஒரு நாள் மழை மட்டுமல்ல, சேர்ந்த மழை. எப்போதும் கடைசி மூன்று நாட்களைக் கூட்டிப் பாருங்கள். பத்து வருடம் பார்த்து, ஊற்று எப்போது கலங்குகிறது, பாதை எப்போது இறங்குகிறது என்று கவனித்து, கீழ் லயத்துக்கு நான் ஓர் எல்லை வைத்திருக்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை உங்களுக்குச் சொல்லப்போவதும் இல்லை. உங்கள் மலை வேறு, மண் வேறு. உங்களுடையதை நீங்கள்தான் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கவேண்டும்.

5

போன ஐப்பசியில் அந்த எல்லை தாண்டியது.

உங்களுக்கு ஆனியில் அடிக்கும் மழை எங்களுக்கு ஐப்பசியில். இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் டின்னைப் பார்த்துவிட்டு ஆபீசுக்கு ஏறிப்போனேன். இங்கேயும் மழைமானி மேட்டில்தான், ஆபீஸ் வாசலில். என் கணக்கு அவர்களுடையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பீல்டு ஆபீசர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. கெட்டவர் அல்ல. "ஏனுங்க டீச்சர், பால் டின்னுல அளந்துட்டு வந்து லயத்தைக் காலி பண்ணச் சொன்னா எப்படிங்க? மேனேஜர் ஊர்ல இல்லீங்க. அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்" என்றார்.

கீழே இறங்கி வந்தேன். ஊற்று தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. கீழ் லயத்தின் பின்புறம், மண்சுவருக்கு மேலே, கையைப் பக்கவாட்டில் விடும் அளவுக்கு ஒரு வெடிப்பு. மழைக்காக மத்தியானமே வேலை நிறுத்திவிட்டதால் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். பள்ளிக்கூடக் கட்டடம் மேட்டில் இருக்கிறது, அங்கே போய்விடலாம் என்றேன்.

"போயிட்டா கோழியை யாரு பாப்பாங்க?" என்றார் ஒருவர்.

"ஆபீஸ்ல சொல்லட்டும், போறோம்" என்றார் இன்னொருவர்.

பாக்கியம் அடுப்பை ஊதிக்கொண்டே, "டீச்சர், டின்னு நெறைஞ்சா கவுத்துட்டு மறுபடி வைங்க. எங்களையும் சேத்துக் கவுக்கப் பாக்கிறீங்களே" என்றாள். மூன்று பிள்ளைகளும் அவள் முதுகில் சாய்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அடுப்புச் சுவரைத்தான் நான் பார்த்தேன். அங்கிருந்து அடுத்த வாசலுக்கு ஓடினேன்.

கடைசி வீடு முனியாண்டியுடையது. வலப்பனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரட்டுத் தப்பு அடித்தவர். அந்தத் தப்பைக் கப்பலில் கூடவே கொண்டுவந்திருந்தார். இங்கே வேலைக்குக் கூப்பிடுவது பாக்டரிச் சங்கு. அதனால் தப்பு திருவிழாவுக்கும் சாவுக்கும் மட்டும் ஆணியிலிருந்து இறங்கும்.

"அண்ணே, பெரட்டு அடிங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த மழையிலயா? யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க சொல்லி அடிக்கிறதுக்கு நீங்க என்ன ஆளை வேலைக்கு ஏவுற கண்டாக்கா டீச்சர்?" என்றார். ஆனால் கை ஆணிக்குப் போயிற்று. "தோலு நமத்துக் கெடக்கு. கொஞ்சம் காய்ச்சிக்கிறேன்."

அடுப்பு நெருப்பில் தப்பைக் காய்ச்சிக்கொண்டு, கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் நின்று அடித்தார். பத்து வருடமாகக் கேட்காத தாளம். நம் தோட்டங்களில் விடியலில் கேட்குமே, அதே அடி.

கதவுகள் திறந்தன. நான் எதிர்பார்த்தேன்தான், இருந்தாலும் கண்ணால் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. ஆபீஸ் சொல்லட்டும் என்றவர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். கோழிக்காரர் வந்தார். சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள், தூக்க முடிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. வந்தவர்கள் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை என்று நின்றார்கள். மத்தியானம் கடந்த நேரத்தில், கொட்டுகிற மழையில், கண்டாக்கு இல்லாத நாட்டில், பெரட்டுக்கு நின்றார்கள்.

"எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு" என்றேன். நடந்தார்கள். பாதித் தூரம் ஏறிய பிறகுதான் பாக்கியத்துக்குச் சுயநினைவு வந்தது.

"அடியே, எந்தப் பெரட்டுக்குடி போறோம்?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். ஆனால் திரும்பி இறங்க யாருக்கும் மனம் வரவில்லை. நனைந்தது நனைந்தாயிற்று.

இரண்டு இரவு பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். மழை நின்றது. மலை விழவில்லை.

6

மலை விழாததுதான் என் குற்றம்.

விழுந்திருந்தால் மாலை போட்டிருப்பார்கள். விழாததால், களவுபோன கோழிகளுக்கு நான் பொறுப்பு. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு யாரும் நேரத்துக்குப் போகாததால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் போட்டார்கள், அதற்கும் நான் பொறுப்பு. வெடிப்பைப் பார்க்க ஆபீசிலிருந்து வந்தவர் மண் போட்டு மூடச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். பாக்கியம் மட்டும் நிறுத்தமாட்டாள். "வழி விடுங்கடி, பெரட்டு டீச்சர் வர்றாங்க. வரிசையில நில்லுங்க" என்பாள்.

அந்தப் பெயர் பள்ளிக்கூடம் வரை போய்விட்டது. ரீட்டா புத்தகப்பையை மூலையில் எறிந்தாள்.

"அந்த டின்னைத் தூக்கிப் போட்டா என்னம்மா? நாமளும் எல்லாரையும் போல இருந்தா என்ன?"

"எல்லாரையும் மாதிரி இருந்துதாண்டி செபமாலை அத்தை போனா."

"அவங்க செத்ததுக்கு நான் என்ன செய்யட்டும்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னு சொல்றேன்ல" என்று கத்திவிட்டு வெளியே போனாள். அவள் கத்தியது சரி. நான் சொல்லியிருக்கக் கூடாது. சவரிமுத்து, "போதும் லூர்து, பிள்ளையை விடு" என்றார். அவர் போதும் என்று சொன்னால் அன்றைக்கு அதோடு முடிந்தது.

பிறகுதான் மெமோ. ஆபீசில் பீல்டு ஆபீசர் ஒரு தட்டச்சுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். நின்றுகொண்டே வாசித்தேன். மூன்று விஷயங்களை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். அனுமதி இல்லாமல் ஆட்களைக் கூப்பிட்டேன். அதனால் வேலை கெட்டது. என் கருவி நம்பத் தகாதது, அதைக் காட்டிப் பொய்யான பயத்தை உண்டாக்கினேன்.

"கையெழுத்துப் போட்டீங்கன்னா இதோட முடிஞ்சுதுங்க. பிள்ளைக் காம்பரா வேலை அப்படியே இருக்கும்" என்றார்.

"முதல் ரெண்டும் உண்மைங்க. போடுறேன். மூணாவதை அடிச்சிருங்க."

"அடிச்சா பேப்பருக்கே அர்த்தமில்லீங்களே. மலை விழுகலீங்க டீச்சர். பொய்தானுங்க?"

"டின்னு மலை விழும்னு சொல்லலீங்க. மழை எவ்வளவுன்னுதான் சொல்லிச்சி. அதை உங்க ஆளை அனுப்பி அளந்து பாருங்க. பொய்யின்னா ஆயிரம் கையெழுத்துப் போடுறேன்."

அவர் தாளை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினார். பிறகு தணிந்த குரலில், "ஒரு வரிதானுங்க" என்றார்.

ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்தால், அடுத்த மழைக்கு யார் வெளியே வருவார்கள்? டீச்சரே பொய்யென்று கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பில் குளிர்காய்வார்கள். பாக்கியத்தின் முதுகில் சாய்ந்திருந்த அந்த மூன்று பிள்ளைகளையும் அந்த வரியோடு சேர்த்துத்தான் எழுதிக்கொடுக்கவேண்டும். றொசல்லையில் பங்களாக் கணக்கை நம்பி இருந்தோம். அந்தக் கணக்கு பொய்யென்று எவரிடமும் எந்த வருடமும் கையெழுத்துக் கேட்கப்படவில்லை. என் டின்னிடம் மட்டும் ஏன் கேட்கவேண்டும்?

பேனாவை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை பிள்ளைக் காம்பராவுக்கு வேறு ஒரு பெண் வந்துவிட்டாள். எனக்குக் கொழுந்து வேலை. நாற்பத்தாறு வயதில், என் தாய் தூக்கிய கூடையை நானும் தூக்கினேன். அதைத் தூக்கக் கூடாதென்றுதான் என் தாய் என்னைப் படிக்க வைத்தார். முதுகு வலிக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். ரீட்டா என் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள். தேய்க்கும்போது பேசமாட்டாள். ஆனால் அழுத்தித் தேய்ப்பாள்.

மலை என்றாவது விழுமா என்று எனக்குத் தெரியாது. விழாமலே போகட்டும். விழாத மலைக்காக இன்னும் பத்துத் தடவை என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லட்டும். எல்லை தாண்டினால் பதினோராவது தடவையும் கூப்பிடுவேன். முனியாண்டியின் தப்பை வாங்கி வைத்துவிடப்போவதாக ஆபீசில் பேச்சு இருக்கிறதாம். சவரிமுத்து பாக்டரிக் குப்பையிலிருந்து ஓர் இரும்புப் பட்டையைக் கேட்டு வாங்கிவந்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு சுத்தியலையும் சாத்தி வைத்திருக்கிறார்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும் கிழமையில் மறுபடி மழை. நேற்றும் பெய்தது, முந்தாநாளும் பெய்தது. இன்று காலை சங்கு ஊதுவதற்கு முன், கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு டின் இருக்கும் திட்டுக்கு இறங்கினேன். ரீட்டா எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ஓடையில் முகம் கழுவப் போகிறாள் என்று நினைத்தேன்.

கீழே பாக்கியம் வாசலில் நின்றாள். இடுப்பில் சின்னவன். இன்னொரு கையில் அரிசிப் பானையின் மூடி. அவளுக்குப் பின்னால், வாசற்படிக்கு உட்புறம், கயிறு சுற்றிய ஒரு தகரப்பெட்டி தயாராக இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கும் கம்பளி போர்த்தியிருந்தது. பக்கத்து வாசல்களிலும் ஆட்கள் சும்மா நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"டீச்சர்" என்று மேலே பார்த்துக் கத்தினாள் பாக்கியம். "டின்னு என்னா சொல்லுது? பெட்டியைத் தூக்கவா, சோத்தை வடிக்கவா?"

நான் வாயைத் திறக்குமுன் ரீட்டா குனிந்து புனலை எடுத்தாள். வாயில் பல்பொடி. அடிமட்டத்தை உள்ளே விட்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, துப்பிவிட்டு, சலித்துப்போன குரலில் கீழே பார்த்துச் சொன்னாள்.

"மூணு நாளும் சேந்து எல்லையில பாதிதான் அத்தே. சோத்தை வடிங்க."

பாக்கியம் உள்ளே போனாள். பெட்டிக் கயிற்றை அவள் அவிழ்க்கவில்லை.

ரீட்டா அடிமட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஓடைக்குப் போனாள். அவள் சரியாகத்தான் பார்த்தாளா என்று நானும் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன். சரிதான்.